அம்மாவுக்கு ஓகேயூ கார்டு எடுத்த கதை

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அம்மாவை ரயிலில்தான் கூட்டிப் போகிறேன். பக்கவாதம் வந்த பிறகு இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார். மலேசியாவின் கேடிஎம் ரயிலில் 60 வயதானால் பாதிக் கட்டணம். அம்மாவுக்கு 57தான். ஆனால் ஓகேயூ கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை, இருந்தாலும் அந்தச் சலுகை உண்டு. நகராண்மைக் கழகத்தில் போய்க் கேட்டு அலையாதீர்கள். கார்டு கொடுப்பது ஜேகேஎம், சமூகநல இலாகா. பதிவுக்குக் காசு கிடையாது.

முதல் தடவை ஜேகேஎம் கவுண்டரில் விண்ணப்பப் பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். டாக்டர் கையெழுத்து இருந்தது, சாப்பு, அதாவது முத்திரை, மட்டும் மை கலங்கி, பெயரே படிக்க முடியவில்லை. முப்பது வருஷம் ரப்பர்ப் பால்மரம் வெட்டிய அம்மாவின் கை, மடியில் மடங்கிக் கிடந்தது. அந்தக் கையோடு அம்மாவை இன்னொரு தடவை அலைய வைக்க எனக்கு மனசே வரவில்லை.

மறுநாள் நான் மட்டும் கிளினிக்குக்குப் போனேன். பழைய சாப்புக்குப் பக்கத்திலேயே புதிதாகத் தெளிவாகக் குத்தச் சொன்னேன். ஐசி (அடையாள அட்டை) நகல், படம், பாரம் எல்லாவற்றையும் வீட்டிலேயே கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டேன். இரண்டாம் தடவை பாரத்தை வாங்கிக்கொண்டார்கள்.

போன வாரம் டிக்கெட் கவுண்டரில் அம்மாவே கார்டை நீட்டினார், வலது கையால்.