மலையில் கட்டிய விமானம், சமவெளியில் இறக்கம்: வேகம் குறைப்பதில் நேரும் தவறுகள்

குன்னூரிலோ கோத்தகிரியிலோ கொட்டகை போட்டுச் சொந்தமாகச் சிறு விமானம் கட்டலாம். இறக்குவதற்கு நீலகிரியில் ஓடுதளம் கிடையாது. கீழேதான் கொண்டுபோக வேண்டும். 60 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ.) இறங்க வருவதை 55 ஆக்கினால், பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் 16 சதவீதம் குறையும். குட்டை ஓடுதளத்தில் அது பெரிய லாபம்தான். ஆனால் ஸ்டால் வேகத்தை, அதாவது இறக்கை தூக்கும் பிடியை இழக்கும் வேகத்தை, குறைக்காமல் இறங்கு வேகத்தை மட்டும் குறைத்தால், தின்பது இரண்டுக்கும் நடுவே உள்ள பாதுகாப்புக் கையிருப்பை.

ஸ்டால் வேகத்தைவிட முப்பது சதவீதம் கூட வைத்து இறங்குவது வழக்கம். அதிகம் நடக்கும் தவறு, வேகம் காட்டும் மீட்டரில் தெரிந்த ஸ்டால் வேகத்தை அப்படியே 1.3-ஆல் பெருக்குவது. மூக்கு தூக்கியிருக்கும்போது, எதிர்க்காற்றின் அழுத்தத்தை மீட்டருக்குத் தரும் பிட்டோ குழாய்க்குள் காற்று சாய்வாக நுழைவதால் மீட்டர் குறைத்துக் காட்டும். உண்மையில் 40-ல் ஸ்டால் ஆகும் விமானம் 32 காட்டுகிறது என்று வையுங்கள். 32-ஐப் பெருக்கி 42-ல் இறங்குவார்கள். வேகம் கூடக் கூடப் பிழை சுருங்கும். மீட்டரின் 42-ல், பிழை நீக்கித் திருத்திய வேகம் 45 என்றால், கையிருப்பு முப்பது சதவீதம் அல்ல, பன்னிரண்டு சொச்சம். திருத்திய 40-ஐத்தான் பெருக்க வேண்டும், வருவது 52.

மீட்டரைக் கொட்டகையிலேயே சோதிக்கலாம். நிறம் கலந்த தண்ணீர் ஊற்றிய தெளிவான ரப்பர் குழாயை U வடிவில் வளைத்து, ஒரு முனையை பிட்டோவில் மாட்டி மெதுவாக அழுத்தம் கொடுங்கள். நீர்மட்ட வித்தியாசம் 26 மி.மீ. என்றால் 40 நாட், 41 மி.மீ. என்றால் 50 நாட் காட்ட வேண்டும். ஊட்டிக் காற்று மெலிதாக இருப்பதால் இந்தக் கணக்கு மாறாது. வாயால் மட்டும் ஊதாதீர்கள், உள்ளே இருக்கும் தகடு போய்விடும். குழாய் பொருத்திய இடத்தால் வரும் பிழை பறக்கும்போதுதான் தெரியும்: ஒரே உயரத்தில், ஒரே மீட்டர் வேகத்தில் நான்கு திசையிலும் பறந்து, ஜிபிஎஸ் வேகங்களின் சராசரி எடுங்கள். அடர்த்தி உயரம் (காற்றின் அடர்த்தியை வைத்துச் சொல்லும் உயரம்) 5,000 அடி என்றால் அதை 1.08-ஆல் வகுத்து மீட்டரோடு ஒப்பிடுங்கள். வெளிக்காற்றின் சாதாரண அழுத்தத்தை எடுக்கும் ஸ்டாட்டிக் குழாயைக் கேபினுக்குள்ளேயே விட்டிருந்தால், ஜன்னலைத் திறந்தாலே கணக்கு வேறு.

ஸ்டால் சோதனை செய்யும் இடமும் முக்கியம். உயரமானி 8,000 அடி காட்டினால் கோவைக்கு மேல் தாராளம். ஊட்டிக்கு மேல் எழுநூறு அடிகூடக் கிடையாது. தொட்டபெட்டாவோ அதற்கும் மேலே, 8,650 அடி. காலுக்குக் கீழே குறைந்தது 3,000 அடி இருக்கும் சமவெளியில் செய்யுங்கள்.

எடையை யாரும் கவனிப்பதில்லை. பத்து சதவீதம் குறைத்தால் ஸ்டால் வேகம் ஐந்து சதவீதம் இறங்கும், காசும் செலவில்லை. இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் ஃபிளாப்பைப் பாதிக்கு மேல் இறக்கினால் கிடைப்பது பெரும்பாலும் இழுவைதான்.

ஸ்டால் வேகத்தைக் குறைக்க, காற்றைச் சுழலவைத்து இறக்கையோடு ஒட்டவைக்கும் சின்னத் துடுப்புகளான வோர்டெக்ஸ் ஜெனரேட்டர் நல்ல வழி. இறக்கையின் மேல்பரப்பில், முன்விளிம்பிலிருந்து அகலத்தில் 7 முதல் 10 சதவீதத்தில் ஒட்டுவது வழக்கம். இறக்கையில் மட்டும் ஒட்டிவிட்டு வால் பக்கத்தை மறப்பவர்கள் உண்டு. அப்போது இறக்கை இன்னும் பிடித்திருக்க, வாலில் இருந்து மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டருக்குத் தெம்பு தீர்ந்துவிடும். மலையில் ஒட்டுபவர்களுக்கு இன்னொரு வம்பு: இவற்றை ஒட்டும் அக்ரிலிக் டேப்புக்கு 21 முதல் 38 டிகிரிதான் தோது. ஜனவரிக் காலையில் ஊட்டியில் ஒட்டினால் பிடிக்காது. ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஹேர் டிரையரால் இறக்கைப் பரப்பைச் சூடாக்கி ஒட்டுங்கள். ஒரு பக்கத்தில் சில உதிர்ந்தாலும் ஸ்டாலில் அந்த இறக்கை முதலில் சாயும்.

கடைசித் திருப்பத்தில் 45 டிகிரி சாய்த்தால் ஸ்டால் வேகம் 19 சதவீதம் ஏறும். தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உடுமலைப் பக்கம் 15-லிருந்து 25 நாட்டுக்குத் துள்ளினால், வித்தியாசத்தில் பாதியை, அதாவது ஐந்து நாட்டை, இறங்கு வேகத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.