பாஸ் சரியா சொல்லலன்னா நாம பண்ணக் கூடாத தப்புங்க

மலேசியாவுல, பட்டர்வொர்த்துல ஃபார்வர்டிங் வேலைக்கு, அதாவது கஸ்டமரோட சரக்க கப்பல்ல ஏத்தி அனுப்புற வேலைக்கு வந்து 14 வருசமாச்சு. போன வாரம் புதுசா சேந்த தங்கச்சி ஒன்னு டாய்லெட்ல போய் அழுதுட்டு மூஞ்ச கழுவிட்டு வந்து உக்காந்துச்சு. பாஸ் சொன்னது ஒன்னு, இது புரிஞ்சிக்கிட்டது ஒன்னு, கஸ்டம்ஸ் பாரம் தப்பா போயிருச்சு. எனக்கு மனசு கேக்கல, ஏன்னா அது அச்சு அசலா நான் பண்ண தப்பு. நேரத்துக்கு வா, மெசேஜ ஒழுங்கா படி, இதெல்லாம் யாரும் சொல்வாங்க, அத விட்டுடுறேன்.

வாயால சொன்னத அப்படியே செய்றது

ஒரே வாரத்துல ஒரு கஸ்டமருக்கு ரெண்டு புக்கிங், ஒன்னு சென்னைக்கு, ஒன்னு கொழும்புக்கு. பாஸ் பினாங்கு பாலத்துல கார் ஓட்டிக்கிட்டே போன் அடிச்சி "முன்னாடி உள்ளத மொதல்ல ஏத்து"ன்னாரு, வச்சிட்டாரு. நான் முன்னாடி புக் பண்ணதுன்னு நெனச்சி சென்னைக்கு கே2 பாரம் (ஏத்துமதிக்கு கஸ்டம்ஸ்ல போடுறது) போட்டு லோரிய அனுப்பிட்டேன். அவரு சொன்னது முன்னாடி கெளம்புற கப்பல், அதாவது கொழும்பு. கொழும்பு கண்டேனர் குளோசிங் டைம, அதாவது போர்ட்டுக்குள்ள கொண்டு போக வேண்டிய கடைசி நேரத்த தாண்டிருச்சு, கப்பல் போயிருச்சு, அடுத்த கப்பல் வர்ற வரைக்கும் வாடகை, லோரிக்கு ரெண்டு தடவ காசு, கஸ்டமர்கிட்ட ஏச்சு வேற. ஆபிஸ்ல எல்லாரு முன்னாடியும் பாஸ் "நான் அப்படி சொல்லவே இல்ல"ன்னாரு. என் போன்ல இருந்தது 47 செகண்டு கால்ங்கறது மட்டும்தான், அதுல என்ன பேசினோம்னு எங்க காட்டுறது? இன்னைக்கு நெனச்சாலும் ஆத்திரமா வருது. மறுபடி கேட்டா ஏசுவாருன்னு பயந்தேன், அதான் உண்மை. அந்த பயத்துக்கு வெல 1,800 வெள்ளி (ரிங்கிட்).

இப்ப போன வச்ச கையோட வாட்ஸ்அப்ல அனுப்பிடுவேன்: "பாஸ், இப்ப பேசினது சென்னை புக்கிங், கண்டேனர் வியாழக்கிழம 4 மணிக்குள்ள போர்ட்ல இருக்கும். வேறன்னா 2 மணிக்குள்ள சொல்லுங்க." "சரியா பாஸ்?"னு மட்டும் கேக்காதீங்க, கட்டைவிரல் படம் ஒன்னு வரும், எதுக்கு சரின்னாருன்னு யாருக்கும் தெரியாது. ஊரு பேரு, நாள், மணி மூனும் மெசேஜ்ல இருக்கணும்.

பயத்துல கையெழுத்து போடுறது

அந்த 1,800ல 600 வெள்ளிய சம்பளத்துல பிடிக்க ஒரு பேப்பர நீட்டினாங்க, படிக்காமயே போட்டுட்டேன். மலேசியாவோட 1955 வேலைவாய்ப்புச் சட்டத்துல 24வது பிரிவு இருக்கு, முதலாளி நெனச்சபடி சம்பளத்துல கை வைக்க முடியாது. பேப்பர வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, லேபர் ஆபிஸ்ல ஒரு வார்த்த கேளுங்க, அப்புறம் பாத்துக்கலாம்.

அவரு என்ன சொன்னாருன்னு பக்கத்து மேசையில கேக்குறது

அவங்களும் யூகிச்சுதான் சொல்வாங்க.

பதில் வரும்னு மாசக் கணக்குல காத்திருக்கிறது

வேல நேரத்தையோ இடத்தையோ மாத்திக் கேக்குறதா இருந்தா எழுதியே கொடுங்க. அதே சட்டத்துக்கு 2023 ஜனவரி 1லேருந்து வந்த திருத்தப்படி முதலாளி 60 நாளைக்குள்ள எழுத்துல பதில் சொல்லணும், முடியாதுன்னா காரணமும் சொல்லணும். பசியாறப் போறப்ப வாயால கேட்டுட்டு இருந்தா அந்த 60 நாள் எண்ணவே ஆரம்பிக்காது.

ராத்திரி 11 மணிக்கு கோவத்துல பதில் அடிக்கிறது

வேணாம். காலையில அனுப்புங்க.

அந்த தங்கச்சிக்கு உக்கார வச்சி மெசேஜ் எப்படி எழுதுறதுன்னு காட்டினேன். நேத்து பாஸ் போன வச்சதும் அதுவே எழுதி அனுப்புச்சு, கை நடுங்குது, எனக்குத் தெரியுது. 3 நிமிசத்துல பதில் வந்துச்சு: "இல்லம்மா, கொழும்பு."