பழைய லேப்டாப்பைச் சாய்த்தே எஃபெக்ட் போடலாம்

வியாசர்பாடி, காசிமேடு பக்கம் கானா மேடையில் லேப்டாப் வைத்து வாசிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 2005 முதல் ஆப்பிள் தன் லேப்டாப்புகளில் அசைவு சென்சார் ஒன்றை வைத்தது. லேப்டாப் கைதவறி விழுந்தால் ஹார்ட் டிஸ்க்கைப் படிக்கும் முனையை ஒதுக்கி நிறுத்துவதுதான் அதன் வேலை. அதனால் ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய மாடலாகப் பாருங்கள். 'சக்' (ChucK) என்ற இசைக்கான இலவச நிரல்மொழி இந்தச் சென்சாரை நேரடியாகப் படித்து, லேப்டாப் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை எண்ணாகத் தரும். வரும் எண்ணை மிடியின் (மின்னணு இசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் முறை) 0–127 அளவுக்கு மாற்றி, ஒலியின் தன்மையை மாற்றும் ஃபில்டருக்கோ எக்கோவுக்கோ கொடுத்தால் சரி.

சிக்கல் மேடையில்தான். பலகை மேடை, பக்கத்திலேயே பேஸ் ஸ்பீக்கர், நாலு பேர் ஆட்டம் வேறு. சும்மா இருக்கும் லேப்டாப்பே சாய்ந்ததாகக் காட்டும். சின்னச் சின்ன அசைவைக் கண்டுகொள்ளாதபடி நடுவில் கொஞ்சம் இடம் விட்டு, கடைசியாக வந்த சில எண்களின் சராசரியை எடுங்கள். அடியில் ஒரு ஸ்பாஞ்சும் வையுங்கள். வால்யூமை மட்டும் இதோடு இணைக்காதீர்கள், பாடகர் அடிக்க வருவார்!

அப்புறம், சாய்க்கலாம், குலுக்கக் கூடாது. வேகமாகக் குலுக்கினால் லேப்டாப் விழுகிறது என்று சென்சார் நினைத்துவிடும், டிஸ்க் படிப்பதை நிறுத்தும், அதிலிருந்து ஓடும் டோலக் சாம்பிளும் (பதிவு செய்து வைத்த ஒலித்துண்டு) பாதியில் அறுந்துபோகும். சாம்பிள்களை முன்கூட்டியே ரேமில் ஏற்றிவிடுங்கள்.