புழுவின் நரம்புகளும் கராத்தே கிளப்பும்: இரண்டு வலைப்பின்னல்களை ஒப்பிடுவது எப்படி?

சி. எலிகன்ஸ் என்ற புழு ஒரு மில்லிமீட்டர் நீளம்தான். அதன் 302 நியூரான்களில் (நரம்பு செல்களில்) எது எதோடு சேர்கிறது என்ற வரைபடம் 1986-லேயே வந்துவிட்டது. மனிதர்கள் பக்கம், 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் கராத்தே கிளப்பில் 34 பேரை வேய்ன் சக்கரி என்ற ஆய்வாளர் கவனித்து, யார் யார் கிளப்புக்கு வெளியேயும் பழகினார்கள் என்று குறித்தார். மொத்தம் 78 இணைப்புகள். இரண்டு தரவுகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கற்றுக்கொள்ள இந்த ஜோடி அருமையானது.

படி 1: எது புள்ளி, எது கோடு?

கிளப்பில் ஆள் புள்ளி, பழக்கம் கோடு. புழுவில் நியூரான் புள்ளி, ஒரு நியூரான் இன்னொன்றுக்குச் செய்தி கடத்தும் சந்திப்பான சினாப்ஸ் கோடு. ஆனால் சினாப்ஸுக்குத் திசை உண்டு, பழக்கத்துக்கு இல்லை. ஒப்பிடுவதற்கு முன் திசையை எடுத்துவிடுங்கள். பலரும் வழுக்குவது இங்கேதான்.

படி 2: கோடுகளை எண்ணுங்கள்

கிளப்பில் 34-ஆம் ஆளுக்கு 17 கோடுகள், 1-ஆம் ஆளுக்கு 16, பாவம் 12-ஆம் ஆளுக்கு ஒன்றே ஒன்று. 34-ஆம் ஆள்தான் கிளப் தலைவர், 1-ஆம் ஆள் பயிற்சியாளர். கட்டணத் தகராறில் கிளப் உடைந்தபோது மற்றவர்கள் இவர்கள் பின்னால்தான் இரண்டாகப் பிரிந்தார்கள்.

படி 3: முக்கோணம் தேடுங்கள்

ஒருவரின் நண்பர்கள் இருவர் தங்களுக்குள்ளும் பழகினால் அது ஒரு முக்கோணம். இதைக் கையாலேயே போடுங்கள், அப்போதுதான் மனதில் நிற்கும். 5-ஆம் ஆளுக்கு 1, 7, 11 என்று மூன்று நண்பர்கள். அவர்களுக்குள் மூன்று ஜோடிகள் சாத்தியம். 1-7 பழக்கம், 1-11 பழக்கம், 7-11 இல்லை. ஆக மூன்றில் இரண்டு, அதாவது 0.67. எல்லோருக்கும் இப்படிப் போட்டுச் சராசரி எடுத்தால் சுமார் 0.57. அதே 78 கோடுகளைக் கண்ணை மூடிக்கொண்டு இழுத்திருந்தால் சுமார் 0.14தான் வரும். வலைப்பின்னல் ஆய்வாளர்கள் வாட்ஸும் ஸ்ட்ரோகாட்ஸும் 1998-இல் புழுவுக்குக் கண்ட அளவு 0.28, குருட்டாம்போக்கில் இழுத்தால் 0.05. இதுவரை இரண்டும் ஒரே ஜாதி.

படி 4: தூரம்

ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குப் போகச் சராசரியாகக் கிளப்பில் 2.4 கோடுகள், புழுவில் 2.65. இதிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

படி 5: பெரியவர்கள் யாரோடு சேர்கிறார்கள்?

சரி, எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். இதை அளக்க ஒரு எண் உண்டு: நிறைய கோடுகள் உள்ள புள்ளி தன்னைப் போன்ற புள்ளியோடு சேர்ந்தால் அது நேர்மறை, சின்னப் புள்ளிகளோடு சேர்ந்தால் எதிர்மறை. இயற்பியலாளர் மார்க் நியூமன் 2002-இல் கணக்கிட்டபோது, சேர்ந்து நடித்த திரைப்பட நடிகர்களின் வலைப்பின்னலுக்கு 0.208 வந்தது, புழுவுக்கு −0.163. ஒரே படத்தில் நடித்த அத்தனை பேரும் ஒருவரோடொருவர் இணைக்கப்படுவதால், பெரிய கூட்டத்தில் இருப்பவர்கள் தங்களுக்குள்ளேயே சேர்ந்துவிடுகிறார்கள். நியூரான்களுக்கு அப்படிக் கூட்டம் இல்லை.

அப்படியானால் கிளப்புக்கும் நேர்மறையா? இல்லை, −0.476! 1-க்கும் 34-க்கும் இடையே நேர்க்கோடே கிடையாது, இருவரையும் தெரிந்தவர்கள் 9, 14, 20, 32 ஆகிய நால்வர் மட்டும். மற்ற பலரும் ஒன்றிரண்டு கோடுகளோடு இவர்களைச் சுற்றி நிற்கிறார்கள். அதனால் ஒரே ஒரு கிளப்பை வைத்து 'சமூகம் இப்படித்தான்' என்று எழுதிவிடாதீர்கள்.

அடுத்து நியூசிலாந்தின் டவுட்ஃபுல் சவுண்ட் என்ற கடல் நுழைவாயிலில் வாழ்ந்த 62 டால்பின்களின் தரவை எடுங்கள், 159 கோடுகள். அவை மனிதர்கள் அல்ல, ஆனால் கோடுகள் தோழமையைக் குறிக்கின்றன. ஐந்தாம் படியின் எண் எந்தப் பக்கம் சாய்கிறது என்று போட்டுப் பாருங்கள்.