தொழில்நோய் இழப்பீட்டு மனுவில் கோட்டை விடும் இடங்கள்

தீயணைப்பு, வெள்ள மீட்பு, வடிகால் அடைப்பு நீக்குவது, காட்டுத்தீத் தடுப்பு என்று ஊரைக் காக்கிற வேலைக்குப் போய் நோயோடு திரும்பியவர்களுக்கு இழப்பீட்டு மனு எழுதுவது என் தொழிலில் பெரும்பகுதி. சமீப காலமாக நாகர்கோவில், தக்கலை, குழித்துறைப் பக்கத்து இளம் வழக்கறிஞர்களும் தொழிற்சங்கத் தம்பிகளும் தாங்கள் எழுதிய வரைவைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். நாங்கள் ஜூனியர்களாக இருந்தபோது சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். கையெழுத்து விடுபட்டது, இணைப்பு வைக்கவில்லை என்பதெல்லாம் எழுத்தரே பார்த்துச் சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன். பின்னால் சரிசெய்ய முடியாத தவறுகள் சில இருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எந்தச் சட்டம் என்று பார்க்காமல் எழுதத் தொடங்குவது

முதல் கேள்வி, இவர் யாருடைய ஊழியர் என்பது. நிரந்தர அரசு ஊழியராக இருக்கும் தீயணைப்பு வீரருக்கும் காவலருக்கும் அசாதாரண ஓய்வூதிய விதிகளும், துறை வழியாக வரும் கருணைத்தொகையும் இருக்கின்றன. அங்கே துறைத்தலைவர் வழியாகக் கோப்பு நகர வேண்டும். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உள்ளவர் என்றால், ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 53ஆம் பிரிவு வேறு இழப்பீட்டுச் சட்டத்தின் கதவை அடைத்துவிடும். தொழில்நோய்க்கான பலனை ஈ.எஸ்.ஐ. அலுவலகத்திலேயே கேட்க வேண்டும். இந்த இரண்டிலும் சேராத ஒப்பந்தப் பணியாளர், தினக்கூலி, ஆலைகளின் தீயணைப்புக் குழுவில் இருப்பவர் ஆகியோருக்குத்தான் 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். அதன் இரண்டாம் அட்டவணையில் தீயணைப்புப் படையில் வேலை செய்பவர் என்று தனியாகவே ஒரு வரி இருக்கிறது.

2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டமும் ஈ.எஸ்.ஐ. சட்டமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டன. அதனால் நோய் எந்தத் தேதியில் ஆளை வீழ்த்தியது என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். பிரிவு எண்களை அந்தத் தேதிதான் முடிவு செய்யும். இங்கே நான் சொல்லும் எண்கள் 1923 சட்டம், பழைய ஈ.எஸ்.ஐ. சட்டம் ஆகியவற்றின்படியானவை. இப்போது கைவசம் இருக்கும் மனுக்களில் பெரும்பாலானவை அந்தக் காலத்து நோய்களைப் பற்றியவை.

ஆஸ்பத்திரிச் சீட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று கவனிக்காமல் விடுவது

இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு ஆத்திரம் வருவது இந்த ஒரு தவறில்தான். மற்ற எதையும் வாய்தா வாங்கிச் சரிசெய்யலாம். இதை முடியாது.

2023 டிசம்பர் நடுவில் பெய்த பேய்மழை தூத்துக்குடி, திருநெல்வேலியோடு நம் கன்னியாகுமரி மாவட்டத்தையும் மூழ்கடித்தது நினைவிருக்கும். அந்த மாதிரி ஒரு வெள்ளத்துக்குப் பிறகு, வடிகால் அடைப்பை எடுக்க அனுப்பப்பட்ட ஒப்பந்தப் பணியாளர் ஒருவர். திருவட்டாறு பக்கத்துக்காரர். இடுப்பளவு சாக்கடைத் தண்ணீரில், பூட்ஸ் இல்லாமல், காலில் ஆறாத புண்ணோடு நின்று வேலை பார்த்திருக்கிறார். பத்து நாள் கழித்துக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, அப்புறம் மஞ்சள் காமாலை. எலிக்காய்ச்சல். சிறுநீரகம் போய் இறந்துவிட்டார்.

எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீர் வழியாகத் தண்ணீரில் கலந்து, தோலில் இருக்கும் கீறல் வழியாகவும் ஊறிப்போன தோல் வழியாகவும் உடம்புக்குள் நுழைவது. நோய் வெளிப்படப் பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாள் ஆகும். சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அ பகுதி, தொற்று அபாயம் கூடுதலாக உள்ள வேலைகளில் வரும் தொற்றுநோய்களைத் தொழில்நோயாக ஏற்கிறது. அப்படி ஏற்கப்பட்ட நோய் வந்தால் அது வேலையால் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி. தேதியும் பொருந்துகிறது, நோயும் பொருந்துகிறது. கைக்குள் இருந்த வழக்கு.

ஆனால் சேர்க்கைச் சீட்டில் தொழில் என்ற இடத்தில் இருந்தது ஒரே சொல்: பால்வெட்டு.

நடந்தது இதுதான். இரவு அவசரப் பிரிவில் நோயாளி பேசுகிற நிலையில் இல்லை. கேள்விக்குப் பதில் சொன்னது மனைவி. பிறகு என்னிடம் அவர் சொன்னார்: "சாரே, என்ன சோலின்னு கேட்டாவ. வெளுப்பாங்காலத்துல பால் வெட்டப் போவாருன்னு சொன்னேன். ஓடையில எறங்குனதை ஆரும் கேக்கல்ல." அவர் சொன்னது பொய் இல்லை. ஒப்பந்தக் கூலி போதாமல் விடியற்காலையில் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிவிட்டு, அதன்பிறகு வேலைக்குப் போகிறவர்கள் நம் மேற்குப் பக்கத்தில் எத்தனையோ பேர். மருத்துவரையும் குறை சொல்ல முடியாது. அவர் உயிரைக் காப்பாற்றப் பார்ப்பாரா, இழப்பீட்டு வழக்குக்குக் குறிப்பு எழுதுவாரா?

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டார். தோட்டத்திலும் எலி உண்டு, ஈரம் உண்டு, காலில் கீறல் உண்டு என்றார். ஓடையில் இறங்கியதற்கு எழுத்தில் எதுவும் இல்லை. மேற்பார்வையாளரின் வருகை நோட்டு "தொலைந்துவிட்டது". மனு தள்ளுபடி. மேல்முறையீடு என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனாலும், 30ஆம் பிரிவின்படி முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் கேட்பார்கள். ஓடையில் இறங்கினாரா இல்லையா என்பது நடந்த நிகழ்வு பற்றிய கேள்வி. அது கீழேயே முடிந்துவிடும். அந்த அம்மாவுக்கு இதை விளக்கிச் சொல்வதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

போன மாதம் ஒரு தம்பி கொண்டுவந்த வழக்குக் கட்டிலும் இதே கதை. "தொழில்: கூலி" என்று சீட்டு. டிஸ்சார்ஜ் ஆகி ஐந்து மாதம் ஆகிறது. சீட்டைப் பார்த்தீர்களா என்று கேட்டால், "மனு போட்ட பிறகு சாட்சி வைத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன், சார்" என்கிறார். ஐந்து மாதம் கழித்துச் சொல்லும் சாட்சியத்தைவிட, பணம் என்ற நினைப்பே வராத அந்த முதல் இரவில் எழுதிய ஒரு வரியைத்தான் எந்த விசாரணை அதிகாரியும் நம்புவார். நியாயமும் அதுதான்.

ஆகவே, ஆள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே தகவல் வந்துவிட்டால் உடனே போங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனை ஆனாலும் சரி, பக்கத்துத் தனியார் மருத்துவமனை ஆனாலும் சரி. என்ன வேலை, எந்தத் தேதியில் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் தண்ணீரிலோ புகையிலோ நின்றார், என்ன பாதுகாப்பு உடை இருந்தது என்று ஒரு தாளில் எழுதி, குடும்பத்தார் கையெழுத்தோடு பணி மருத்துவரிடம் கொடுத்து, நோய் வரலாற்றில் சேர்க்கச் சொல்லுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். பால்வெட்டை மறைக்கச் சொல்லவில்லை. மறைத்தால் குறுக்கு விசாரணையில் மொத்த வழக்கும் கவிழும். இரண்டு வேலையையும் சொல்லுங்கள், இரண்டுக்கும் தேதி சொல்லுங்கள்.

இரத்தப் பரிசோதனையையும் கவனியுங்கள். எலிக்காய்ச்சலுக்கான ஐ.ஜி.எம். எலைசா சோதனை, காய்ச்சல் தொடங்கிய முதல் சில நாட்களில் நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டலாம். ஒரு வாரம் கழித்து இரண்டாவது மாதிரி எடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முதல் தாளை மட்டும் வழக்குக் கட்டில் வைத்துவிட்டு, பிறகு "நெகட்டிவ் சார்" என்று முழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வேலைக்குப் போனதற்கான ஆதாரம் இப்போது பெரும்பாலும் செல்போனில் இருக்கிறது. மேற்பார்வையாளர்கள் இடமும் நேரமும் பதிந்த படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்கிறார்கள். அந்தப் படத்தில் ஆள் நின்றால் அது வருகைப் பதிவேட்டைவிட உறுதியானது. குழுவை விட்டு நீக்குவதற்கு முன் எடுத்து வையுங்கள். பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுச் சான்றுக்கு உரிய சான்றிதழும் சேர்த்துத் தாக்கல் செய்யுங்கள். தீயணைப்பு நிலையம் என்றால் அழைப்புப் பதிவேடு, பொது நாட்குறிப்பு ஆகியவற்றின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும்.

பட்டியலில் நோயின் பெயர் இல்லை என்று வழக்குக் கட்டை மூடுவது

மூன்றாம் அட்டவணையை முழுதாகப் படியுங்கள். ஆ பகுதியில் இரைச்சலால் வரும் காது கேளாமை இருக்கிறது. பம்பு, சைரன் பக்கத்தில் வருடக்கணக்கில் நின்றவர்களுக்கு அது பொருந்தும். அந்தப் பகுதிக்குக் குறைந்தது ஆறு மாதத் தொடர் வேலை வேண்டும். பென்சீன் போன்ற நச்சுப்பொருட்களும் அங்கேதான் வருகின்றன. 2022இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் வேலை என்று முதல் பிரிவில் சேர்த்தது. நுரையீரல் உறை, சிறுநீர்ப்பை ஆகிய இடங்களின் புற்றுநோய்க்குப் போதுமான சான்று இருப்பதாகச் சொன்னது. இது நம் அட்டவணையைத் தானாக மாற்றாது. ஆனால் மருத்துவச் சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் கேட்க வலுவான தாள்.

பட்டியலில் இல்லாத நோய் என்றால், வேலையில் நடந்த குறிப்பிட்ட ஒரு விபத்தால் நேரடியாக வந்தது என்று காட்ட வேண்டும். மாரடைப்பு வழக்குகளில் வேலைப்பளுதான் காரணம் என்று எழுதினால் மட்டும் போதாது. அன்றைய வேலையின் அழுத்தத்துக்குச் சான்று வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

ஊனச் சதவீதத்தையே வருமான இழப்பாக எழுதுவது

மருத்துவர் நுரையீரலுக்கு 40 சதவீத ஊனம் என்று தருகிறார். தம்பிகளும் மனுவில் 40 சதவீதம் என்று எழுதிவிடுகிறார்கள். சட்டம் கேட்பது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பதை. தச்சு வேலை செய்பவர் ஒருவர் இடது கையை இழந்தபோது, அவருக்கு அந்தத் தொழிலே போய்விட்டது, ஆகவே முழு இழப்பு என்று 1975இல் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. மூச்சு வாங்காமல் ஏணி ஏற முடியாத தீயணைப்பு ஆளுக்கு அந்த வேலையில் மிச்சம் என்ன இருக்கிறது? மருத்துவரிடம் இந்தக் கேள்வியைத் தனியாகக் கேட்டு, தனியாக எழுதி வாங்குங்கள்.

ஒப்பந்ததாரரை மட்டும் எதிர்மனுதாரர் ஆக்குவது

12ஆம் பிரிவின்படி, ஒப்பந்ததாரர் வழியாக வேலை வாங்கியவரும் இழப்பீட்டுக்குப் பொறுப்பு. வேலை கொடுத்த உள்ளாட்சியையும் சேருங்கள்.

இரண்டு ஆண்டைத் தப்பாக எண்ணுவது

மனு போட இரண்டு ஆண்டுதான் கெடு. நோய் வழக்கில் அந்தக் கணக்கு தொடங்குவது, நோயால் தொடர்ந்து வேலைக்கு வர முடியாமல் போன முதல் நாளில். வேலையை விட்டு நின்று இரண்டு ஆண்டுக்குள் அறிகுறி தெரிந்தால், அறிகுறி முதலில் கண்டறியப்பட்ட நாள். கெடு தாண்டினாலும் போதிய காரணம் இருந்தால் மனுவை ஏற்க வழி உண்டு. அந்தக் காரணத்தைத் தனி மனுவாக, சத்தியக்கூற்றோடு போடுங்கள்.

இறந்தவர் வீட்டில் கைமாறும் பணம்

இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் ஆணையரிடம் கட்டாமல் முதலாளி குடும்பத்திடம் நேராகக் கொடுக்கும் தொகை இழப்பீடு ஆகாது. வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

சம்பளமும் வயதும் வட்டியும்

வங்கியில் விழுந்த தொகையைச் சம்பளம் என்று எழுதாதீர்கள். அவருடைய வருங்கால வைப்பு நிதிப் பங்கு பிடிப்பதற்கு முந்தைய முழுச் சம்பளம்தான் கணக்கு. 2020 ஜனவரி முதல் மாதம் 15,000 ரூபாய் வரை எடுத்துக்கொள்வார்கள். இறப்பு என்றால் அதில் 50 சதவீதத்தையும், நிரந்தர முழு ஊனம் என்றால் 60 சதவீதத்தையும் வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். 40 வயதுக்குக் காரணி 184.17. சம்பளம் 14,000 என்றால் முழு ஊனத்துக்கு 8,400 பெருக்கல் 184.17, அதாவது 15,47,028 ரூபாய்.

42 வயது என்றால் காரணி 178.49ஆக இறங்கிவிடும். அதே சம்பளத்துக்கு 47,000 ரூபாய்க்கு மேல் குறையும். ஆதார் அட்டையில் ஜனவரி 1 என்று குத்துமதிப்பாகப் போட்ட பிறந்த தேதியை அப்படியே நம்பிவிடாமல், பள்ளிச் சான்றிதழையோ ஞானஸ்நானப் பதிவையோ தேடி எடுங்கள். நம் கடற்கரை ஊர்களில் பங்குக் கோயில் பதிவேட்டில் தேதி சரியாக இருக்கும்.

வட்டியையும் அபராதத்தையும் மனுவின் வேண்டுதல் பகுதியில் தனித்தனியாகக் கேளுங்கள். தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கட்டவில்லை என்றால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லை என்றால் தொகையில் 50 சதவீதம் வரை அபராதம் விதிக்கலாம். அதற்கு முன் முதலாளியிடம் விளக்கம் கேட்க வேண்டும் என்பதால், விசாரணை முடியும் தறுவாயில் நினைவுபடுத்தினால் இன்னொரு வாய்தாவில் போய் நிற்கும். முதல் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.