எந்த சுப்ரமணியம் உங்கள் சுப்ரமணியம்?

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் திருவிழாக் கூட்டத்தில் “சுப்ரமணியம்!” என்று கூப்பிட்டால் பத்துப் பேராவது திரும்புவார்கள். என் தாத்தா பெயரும் அதுதான். அவருடைய பத்திரங்களை நான் தேடி அலைந்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், அது ஆளின் பெயரா, அப்பா பெயரா என்று பாருங்கள். நம் பிறப்புப் பத்திரத்தில் சுலபம்: ‘ஏ/எல்’ (மகன்), ‘ஏ/பி’க்கு (மகள்) முன்னால் இருப்பது ஆள், பின்னால் இருப்பது அப்பா. மற்ற இடங்களில்தான் தடுமாற்றம். நாட்டியக் கலைஞர் பத்மா சுப்ரமணியத்துக்கு அது அப்பா பெயர், இயக்குநர் கே. சுப்ரமணியத்தின் மகள் அவர். 1983-இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கிய சுப்ரமணியன் சந்திரசேகருக்கும் முன்னால் நிற்பது அப்பா பெயரே. வயலின் கலைஞர் எல். சுப்ரமணியத்துக்கோ அது சொந்தப் பெயர். ‘எல்’தான் அப்பா லட்சுமிநாராயணா. நம் முன்னாள் சுகாதார அமைச்சர் டாக்டர் எஸ். சுப்ரமணியத்தின் ‘எஸ்’, சதாசிவம். ஆகவே பெயருக்கு முன்னால் வரும் எழுத்தை விட்டுவிடாதீர்கள். குடும்பம் அதில்தான் இருக்கிறது.

அடுத்தது எழுத்துப் பிழை. ரப்பர் தோட்டத்துக் கிராணி, அதாவது எழுத்தர், காதில் விழுந்ததை எழுதினார், நம்மவர்கள் கைநாட்டு வைத்தார்கள். அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் தாத்தா ‘சுப்பையா’, அடையாள அட்டையில் ‘சுப்ரமணியம்’, இறப்புப் பத்திரத்தில் ‘சுப்ரமணியன்’. மூன்றும் ஒருவரே என்று ஒரு கவுண்டரில் சொன்னேன். நம்பவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். மலாயாவில் அடையாள அட்டை 1948-இல், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அறிவித்த அவசரகாலத்தில் வந்தது. அந்தப் பழைய அட்டை வீட்டில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். பெயர் மாறினாலும் எண் ஒத்துப்போனால் பேச்சுக்கு இடமில்லை. எங்களுக்கு அதுதான் கைகொடுத்தது.

மறக்காமல் தோட்டத்துப் பாட்டிகளிடம் கேளுங்கள். ஆனால் பத்திரப் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். “உன் தாத்தாவை யாரும்மா சுப்ரமணியம்னு கூப்பிட்டா? மேட்டு லயத்து சுப்பையான்னு கேளு” என்றார் தாத்தாவோடு பால் வெட்டிய ஒரு பாட்டி. எந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), என்ன வேலை, எந்தக் கங்காணி (மேற்பார்வையாளர்) ஆள் என்று கேட்டால் கடகடவென்று சொல்வார்கள்.

கடைசியாக, கோயில் சுவரைப் பாருங்கள். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில், சுண்ணாம்பு அப்பிய நன்கொடைக் கல்லை ஈரத்துணியால் துடைத்தேன். ‘மு. சுப்பையா, 5 வெள்ளி’ (டாலரைத்தான் வெள்ளி என்போம்). எந்தப் பத்திரத்திலும் இல்லாத ‘மு’. கொள்ளுத்தாத்தா பெயரின் முதல் எழுத்து அது. இப்போது அந்த முழுப் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.