தண்டவாளம் மட்டும் தெரியவில்லையா? ஓப்பன் ரெயில்ஸ் ரூட்டில் விடுபட்ட டிராக் ஃபைல்களைச் சரிசெய்வது

ஓப்பன் ரெயில்ஸ் என்ற இலவச ரயில் சிமுலேட்டரில் புதிதாக இறக்கிய ரூட்டில் (ரயில் ஓடும் நிலப்பரப்பில்) நிலையம் இருக்கிறது, மரம் இருக்கிறது, சிக்னல் எரிகிறது. தண்டவாளத்தை மட்டும் காணோம். எஞ்சினோ வெறும் புல்தரையின் மேல் ஒரு வளைவைக்கூடத் தவறவிடாமல் ஓடுகிறது. ரூட் கெட்டுப்போய்விட்டது என்று முழுதாக அழித்துவிட்டு மறுபடி இறக்குவது வீண் வேலை. பெரும்பாலும் ரூட்டில் குறை இருக்காது. ரூட் நம்பியிருக்கும் பொது ஃபைல்கள் உங்கள் கணினியில் இல்லை, அவ்வளவுதான்.

ரயில் ஓடுவது ஒன்றின் மேல், கண்ணுக்குத் தெரிவது வேறொன்று. 2001-இல் வந்த மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டரின் அமைப்பையே ஓப்பன் ரெயில்ஸும் பின்பற்றுகிறது. ரூட்டின் டிராக் டேட்டாபேஸும் குளோபல் ஃபோல்டரில் உள்ள டிசெக்‌ஷன் ஃபைலும் (tsection.dat) சேர்ந்து பாதையின் கணக்கை வைத்திருக்கின்றன: எந்தத் துண்டு எவ்வளவு நீளம், எத்தனை டிகிரி வளைவு என்பது அங்கே. கண்ணுக்குத் தெரியும் தண்டவாளம் குளோபல் ஃபோல்டருக்குள் உள்ள ஷேப்ஸ் ஃபோல்டரிலிருந்து, அதாவது ஷேப் எனப்படும் முப்பரிமாண வடிவ ஃபைல்களிலிருந்து வருகிறது. அதன் மேல் போர்த்தும் ஜல்லி, கட்டை, துரு நிறம் எல்லாம் டெக்ஸ்சர் ஃபைல்கள். இந்த மூன்றில் எது இல்லை என்று தெரியாமல் எதையும் நிறுவாதீர்கள்.

அறிகுறியே பாதி விடையைச் சொல்லிவிடும். ரயில் ஒழுங்காக ஓடி, தண்டவாளம் மட்டும் அங்கங்கே மறைந்தால் ஷேப் இல்லை. தண்டவாளம் இருந்தும் நிறமில்லாமல் வெளிறிய பட்டையாகத் தெரிந்தால் டெக்ஸ்சர் இல்லை. ரூட் ஏறும்போது பாதியில் நின்றாலோ, ரயிலைப் பாதையில் வைக்கவே முடியாமல் போனாலோ டிசெக்‌ஷன் பழையது. இன்னொன்றையும் பாருங்கள்: டைனமிக் டிராக் எனப்படும் வளைத்துப் போட்ட துண்டுகளை ஓப்பன் ரெயில்ஸ் தானே வரைந்துகொள்கிறது, அதற்கு ஷேப் ஃபைல் தேவையில்லை. எனவே டைனமிக் துண்டுகள் தெரிந்து மற்றவை மறைந்திருந்தால் ஷேப்ஸ் ஃபோல்டரில்தான் ஓட்டை. டைனமிக் துண்டுகளில் மட்டும் சிக்கல் என்றால், ரூட் ஃபோல்டருக்குள்ளேயே இருக்க வேண்டிய அதன் சொந்த டிசெக்‌ஷன் ஃபைலைத் தேடுங்கள்.

சந்தேகம் இருந்தால் ஓப்பன் ரெயில்ஸோடு வரும் டிராக் வியூவரில் ரூட்டைத் திறக்கவும். அதில் கோடு அறுபடாமல் முழுதாக வந்தால் பாதைக் கணக்கு சரி, ஷேப்பையோ டெக்ஸ்சரையோ பார்த்தால் போதும். அங்கேயே கோடு அறுந்திருந்தால் ஷேப் ஃபைல்களை எவ்வளவு கொட்டினாலும் பயனில்லை.

லாக் ஃபைலைப் படிப்பது

முதன்மைத் திரையில் லாகிங் தேர்வை இயக்கிவிட்டு, தண்டவாளம் மறையும் இடம் வரை ஓட்டுங்கள், பிறகு வெளியேறுங்கள். லாக் ஃபைல் வழக்கமாக டெஸ்க்டாப்பில் இருக்கும். அடுத்த முறை ஓட்டும்போது பழையது அழிந்துவிடும் என்பதால் உடனே வேறு பெயரில் நகல் எடுத்துவையுங்கள். அதில் 'நான்-எக்ஸிஸ்டென்ட்' (non-existent) என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடினால், வரிக்கு வரி விடுபட்ட ஃபைலின் பெயரும், அதைத் தேடிய ஃபோல்டரும், எந்த வேர்ல்டு ஃபைலில் (எந்தப் பொருள் எங்கே நிற்கிறது என்று சொல்லும் ஃபைல்) அது வருகிறது என்பதும் கிடைக்கும். வேர்ல்டு ஃபைலின் பெயரில் உள்ள இரண்டு ஆறு இலக்க எண்கள், 2048 மீட்டர் சதுரமான ஒரு டைலைக் குறிக்கும். இருநூறு எச்சரிக்கை வரிகளைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஒரே துண்டு ரூட் முழுக்க திரும்பத் திரும்ப வருவதால், பெயர்களை மட்டும் எடுத்து வரிசைப்படுத்தினால் ஐந்தாறில் முடிந்துவிடும்.

அந்தப் பெயர்களைப் படிக்கப் பழகுங்கள், இந்த வேலையில் இதைவிடப் பயன்படும் திறமை இல்லை. ஏ1டி100எம்எஸ்டிஆர்டி (A1t100mStrt) என்றால் ஒற்றைப் பாதை, 100 மீட்டர், நேர்த்துண்டு. ஏ2டி500ஆர்10டி (A2t500r10d) என்றால் இரட்டைப் பாதை, 500 மீட்டர் ஆரம், 10 டிகிரி வளைவு. ஏ1டிபிஎன்டி10டிஎல்எஃப்டி (A1tPnt10dLft) என்பது இடப்பக்கம் 10 டிகிரி பிரியும் பாயின்ட். எஸ்ஆர் என்று தொடங்கினால் ஸ்கேல்ரெயில் தொகுப்பு, யுகேஎஃப்எஸ் என்றால் யுகே ஃபைன்ஸ்கேல். முன்னெழுத்தைப் பார்த்தாலே எந்தத் தொகுப்பை இறக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

நிறுவும் வரிசை

முதலில் குளோபல் ஃபோல்டரை முழுதாக நகல் எடுங்கள். பிறகு ஷேப் தொகுப்புகள், கடைசியாகத்தான் டிசெக்‌ஷன். இந்த வரிசை தவறுவதால்தான் பலருக்குச் சரியான ரூட்டும் கெடுகிறது: தொகுப்புக்குள் பழைய டிசெக்‌ஷன் ஒன்று இருக்கும், அது உங்களிடம் உள்ள புதியதை மேலெழுதிவிடும். பொதுத் தரமான டிசெக்‌ஷன் ஃபைலுக்கு பில்ட் எண் உண்டு. புதிய பில்டில் பழையவை எல்லாம் அடங்கும், ஆகவே எண் பெரியதை வையுங்கள்.

எக்ஸ்டிராக்ஸ் என்ற ஷேப் தொகுப்பை நிறுவிய பிறகும் சாதாரண 100 மீட்டர் நேர்த்துண்டே இல்லை என்று லாக் சொன்னால், உங்கள் குளோபல் ஃபோல்டரில் அடிப்படையே இல்லை என்று பொருள். எக்ஸ்டிராக்ஸ் கூடுதல் துண்டுகளைத் தருவது. அடிப்படைத் துண்டுகள் பழைய மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டரோடு வந்தவை. ரூட்டைத் தவறான இடத்தில் பிரித்திருந்தாலும் இதே நிலைதான். ஓப்பன் ரெயில்ஸில் பதிந்த ஒவ்வொரு உள்ளடக்க ஃபோல்டருக்கும் தனித்தனி குளோபல் உண்டு, ஒன்றில் நிறுவியது மற்றொன்றுக்குப் போகாது.

ரூட்டோடு தனி டிசெக்‌ஷன் தந்திருந்தால் அதைக் குளோபலில் போடாதீர்கள், மற்ற ரூட்டுகள் சாயும். ரூட் ஃபோல்டருக்குள் ஓப்பன்ரெயில்ஸ் (OpenRails) என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதில் வையுங்கள். ஓப்பன் ரெயில்ஸ் அதைத்தான் முதலில் எடுக்கும்.

டெக்ஸ்சர் வேலை சுலபம். ஏகிளீன்டிராக்1, ஏகிளீன்டிராக்2 என்ற இரண்டும்தான் பெரும்பாலும் விடுபடுபவை. லாக் எந்த ஃபோல்டரைச் சொல்கிறதோ அதற்குள் நகலெடுத்தால் போதும். ஸ்கேல்ரெயில் போன்றவற்றுக்குச் சொந்த டெக்ஸ்சர்கள் தனியே உண்டு, இந்த இரண்டும் அவற்றுக்கு உதவாது.

எங்கு தேடியும் கிடைக்காத துண்டு

மாற்றுத் துண்டு வைக்கலாம், ஆனால் அளவு அச்சாக ஒத்திருக்க வேண்டும். 500 மீட்டர் ஆரத்தில் 10 டிகிரி வளைவின் நீளம் 87.3 மீட்டர், அதே ஆரத்தில் 15 டிகிரி என்றால் 130.9. பெரியதைச் சின்னதின் பெயரில் வைத்தால், 43 மீட்டருக்கு மேல் தண்டவாளம் அடுத்த துண்டின் மேல் ஏறி, பாதையை விட்டு விலகி நீட்டிக்கொண்டு நிற்கும். 50 மீட்டர் நேர்த்துண்டை 100 மீட்டர் பெயரில் வைத்தாலோ பின்பாதி வெறுமையாகவே இருக்கும். பெயரை நம்பாமல் டிசெக்‌ஷனைத் திறந்து, விடுபட்ட ஷேப் எந்தச் செக்‌ஷன் எண்ணைக் காட்டுகிறது, அந்த எண்ணில் என்ன நீளம், என்ன ஆரம், எத்தனை கோணம் என்று பாருங்கள். அதே எண்ணைப் பயன்படுத்தும் வேறு ஷேப் இருந்தால் அதுதான் சரியான மாற்று. அதன் எஸ் ஃபைலையும் (.s, வடிவம்) எஸ்டி ஃபைலையும் (.sd, அதன் துணை விவரம்) நகலெடுத்து இரண்டுக்கும் விடுபட்ட பெயரை வையுங்கள்.

பாயின்ட்டில் இரண்டு பாதைகளும் நகரும் நாக்கும் இருப்பதால் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு வசதி உண்டு: பெயரின் கடைசியில் எம்என்எல் சேர்ந்த கைநெம்புகோல் பாயின்ட்டும் அது இல்லாததும் ஒரே வடிவக் கணக்கு கொண்டவை. ஒன்றுக்கு மற்றொன்றைத் தயங்காமல் வைக்கலாம், நெம்புகோல் தெரிவதும் தெரியாததும்தான் வேறுபாடு. இப்படி மாற்றி வைத்த ஃபைலை உங்கள் கணினியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது இன்னொருவர் உழைப்பு, தவறான பெயரோடு மற்றவர்களிடம் போனால் அவர்கள் குளோபல் ஃபோல்டரும் குழம்பும்.

ரூட் எடிட்டரில் அந்தத் துண்டை நீக்கிவிட்டு வேறொன்றைப் பதிக்கும் ஆசை வரும். செய்யாதீர்கள். சிக்னல்களும், ரயில் செல்லும் வழியைச் சொல்லும் பாத் ஃபைல்களும், அவற்றை நம்பிய ஆக்டிவிட்டிகளும் (தயாரித்து வைத்த ஓட்டங்கள்) டிராக் டேட்டாபேஸின் கணுக்களைப் (நோடுகளை) பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு துண்டை எடுத்தால் கணு எண்கள் மாறி, எங்கோ ஒரு சிக்னல் வேலை செய்யாமல் போகும். வேர்ல்டு ஃபைலில் ஷேப் பெயரை மட்டும் கையால் மாற்றுவது அதைவிட மேல். அப்போது ஃபைல் சுருக்கப்பட்டிருந்தால் முதலில் விரித்துக்கொண்டு, திருத்திய பின் யூடிஎஃப்-16 குறியீட்டிலேயே சேமியுங்கள். யூடிஎஃப்-8-இல் சேமித்தால் பழைய எடிட்டிங் கருவிகள் அந்த ஃபைலைத் திறக்க மறுக்கும்.